தண்டனைக் கட்டம்

பதினான்கு நாள் இடைநீக்கம்.
கடிதத்தில் மூன்றே வரி.
கதவு மூடும்போது பையன் ஒருவனின் பைவார் சிக்கியது,
நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை,
டிராம் அவனை மூன்று அடி இழுத்தது.
முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான் என்றார்கள்.
பத்தொன்பது வருடத்தில் இது முதல் தடவை என்று
நான் யாரிடமும் வாதாடவில்லை.
அவனுக்கும் அது முதல் தடவைதானே.

நான்காம் நாள் ஞாயிறு.
கோஷிட்ஸேயில் என் ஆறாம் எண் போகும் தெருவையே
கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள்.
பல நாட்டுப் பெண்களின் நடைப்போட்டி.
ஒரு கிலோமீட்டர் சுற்று, இருபது முறை.
நான் மட்டுமல்ல, தண்டவாளமும் சும்மா கிடக்கிறது
என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இடுப்பு ஒரு பக்கம் வெட்ட, தோள் மறுபக்கம் வெட்ட
வந்துகொண்டே இருந்தார்கள்.
"கழிப்பறை எங்கே என்று கேட்கவும் நேரமில்லாதவர்கள்"
என்றான் கீழ்வீட்டு ஒண்ட்ரேய், கையில் பியரோடு.
சிரித்தேன்.
நாலு நாளில் முதல் சிரிப்பு, அதுவும் அடுத்தவரைப் பார்த்து.

விதியைச் சொன்னவள் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்.
எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும்.
முன்வைத்த முழங்கால் மடங்கக் கூடாது.
தவறினால் சிவப்பு அட்டை.
மூன்று சேர்ந்தால் கட்டத்துக்குள் இரண்டு நிமிடம் நில்.
நான்காவது வந்தால் வீட்டுக்குப் போ.

பதினான்காம் சுற்றில் அவளை உள்ளே அழைத்தார்கள்.
சட்டை முதுகில் குவாமான், கீழே ஈக்வடார்.
எட்டாவதாக வந்துகொண்டிருந்தவள்.
சாலையோரம் வேலி போட்ட மஞ்சள் சதுரம்,
எங்கள் டிப்போவின் விசாரணை அறையைவிடச் சின்னது.
கடிகாரம் பிடித்த நடுவர் கிழவர்
அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க
கடிகாரத்தையே பார்த்தார்.

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன்.
உண்மையைச் சொன்னால், அழட்டும் என்று காத்திருந்தேன்.

தொப்பியைக் கழற்றினாள். தண்ணீரைத் தலையில் ஊற்றினாள்.
அவிழாத செருப்புக் கயிற்றை
அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.
ஜப்பான்காரி கடந்தாள், இரண்டு இத்தாலியர்கள்,
பிறகு எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.
அவள் விடவில்லை. ஒவ்வொருத்தியையும் பார்த்தாள்,
தன் வரிசையில் புதிதாக வந்து நிற்பவர்களை
அறிமுகம் செய்துகொள்வதுபோல.

நூற்றிருபது நொடி.
டிராமில் அது இரண்டு நிறுத்தம்.
வாழ்க்கையில் அது எவ்வளவு என்று
அந்த வேலிக்கு வெளியே நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

கிழவர் கையசைத்தார்.
வெளியே வந்தவள் ஓடவில்லை.
அதுதான், அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.
இவ்வளவு இழந்த பிறகும்
ஓடிப் பிடிக்க அனுமதி இல்லாத ஆட்டம்.
முன்பு எப்படி நடந்தாளோ அப்படியேதான் நடக்க வேண்டும்,
முன்பைவிடக் கவனமாக,
நான்காவது அட்டையைக் கையில் வைத்திருப்பவர்களின்
கண்ணெதிரே.

அவள் ஜெயிக்கவில்லை.
இருபத்தொன்பதாவது என்று பலகை காட்டியது.
ஒண்ட்ரேய் இரண்டாவது பியருக்குப் போயிருந்தான்.
கைதட்டியது நானும் அந்தக் கல்லூரிப் பெண்ணும்
அவள் நாட்டுக் கொடியோடு யாரோ ஒரு சமையல்காரரும்.

மீதி பத்து நாளில் நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.
ஜன்னல் துடைத்தேன். பல் பிடுங்கிக்கொண்டேன்.
பையன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி,
கிழித்து, எழுதி,
ஒன்பதாம் நாள் தபாலில் போட்டேன்.
பதில் வரவில்லை. வரவேண்டும் என்று விதி இல்லை.

இன்று காலை ஆறாம் எண்.
கண்ணாடியைப் பார்க்கிறேன். கதவை மூடுகிறேன்.
மறுபடி பார்க்கிறேன்.
பின்னால் யாரோ கடிகாரத்தைத் தட்டி முணுமுணுக்கிறார்கள்.
நான்கு நிமிடத் தாமதம் என்று திரையில் சிவப்பு எழுத்து.

தெரிகிறது.
எழுந்த பாதத்துக்கு முன்
மற்றொன்று தரையில் இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஐயா.